அரிசி டிரம் பக்கத்தில் தனி ஜெபம்: புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு

செல்லூரில் எங்கள் வீடு ஒரு ஹால், ஒரு அடுப்படி, அதை ஒட்டி ஓர் ஆள் உட்காரும் அளவுக்குச் சாமான் அறை, அவ்வளவுதான். மத்தேயு 6:6-இல் "உன் அறைவீட்டுக்குள் பிரவேசித்து, உன் கதவைப் பூட்டி" என்று வாசிக்கும்போதெல்லாம், அது தனி அறை இருக்கிறவர்களுக்குச் சொன்னது என்று விட்டுவிடுவேன். அந்த இடத்தில் கிரேக்கத்தில் இருக்கும் சொல்லும், லூக்கா 12:24-இல் காகங்களுக்கு இல்லை என்று சொல்லப்படும் 'பண்டசாலை'யும் ஒரே சொல்தான் என்று பிறகுதான் தெரிந்தது. சாமான் வைக்கும் உள்ளறை! அன்றிலிருந்து அரிசி டிரம் பக்கத்தில்தான் என் ஜெபம்.

1. நேரம்

இயேசு இருட்டோடே எழுந்து தனியிடத்துக்குப் போய் ஜெபித்ததாக மாற்கு 1:35 சொல்கிறது. நல்லது. ஆனால் எங்கள் தெருவில் குழாயில் தண்ணீர் வருவதும் அந்த நேரத்தில்தான். குடத்தை வரிசையில் வைத்துவிட்டுக் கண்ணை மூடினால் காது குழாயடியிலேயே இருக்கும். தானியேல் நாளைக்கு மூன்று வேளை ஜெபித்தார். சங்கீதக்காரன் படுக்கையில் இராச்சாமத்தில் தியானித்தார். அதனால் உங்கள் வீடு அடங்கும் நேரத்தைப் பிடியுங்கள். எனக்கு அது பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகு. தொடக்கத்தில் பத்து நிமிடம் போதும். போனை ஹாலிலேயே விட்டுவிடுங்கள். அதில்தான் பைபிள் வாசிப்பேன் என்றால், இரண்டாவது வசனத்தில் வாட்ஸ்அப் கூப்பிடும்.

2. வார்த்தை

பைபிளில் பாட்டாக இருக்கும் சங்கீதங்களில் ஒன்றோடு தொடங்குங்கள். மொத்தம் 150. நாளைக்கு ஐந்து வாசித்தால் ஒரே மாதத்தில் முடிந்துவிடும், ஆனால் புதியவர்களுக்கு நாளைக்கு ஒன்றே நிறைவு. 119-ஆம் சங்கீதம் வரும்போது மலைக்க வேண்டாம். அதன் 176 வசனங்களும் எட்டெட்டாக 22 பகுதிகளாகவே பிரிந்திருக்கின்றன.

அப்புறம் உங்கள் பேச்சிலேயே பேசுங்கள். 'தேவரீர்' வரவில்லையென்றால் பரவாயில்லை, "ஆண்டவரே, இன்னைக்கு மனசே சரியில்ல" என்பதும் ஜெபம்தான். சத்தமும் தேவையில்லை. பிள்ளை கேட்டு ஆலயத்தில் ஜெபித்த அன்னாளின் உதடுகள் மட்டும்தான் அசைந்தன, ஆசாரியரான ஏலி அவளைக் குடித்திருக்கிறாள் என்று நினைத்துவிட்டார். அடுத்த வீட்டுக்கும் நமக்கும் ஒரே சுவர் என்கிற லைன் வீட்டில் இது பெரிய வசதி.

3. குடும்பத்துக்கு ஒரு நோட்டு

"என் குடும்பத்தை ஆசீர்வதியும்" என்று மொத்தமாகச் சொல்லி எழுந்துவிடுவது எளிது. யோபு அப்படிச் செய்யவில்லை. பிள்ளைகளின் எண்ணிக்கைப்படி ஒவ்வொருவருக்காகவும் பலி செலுத்தினார் (யோபு 1:5). ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி ஆளுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். திங்கட்கிழமை வீட்டுக்காரர், செவ்வாய் மூத்தவன் என்று பிரித்துக்கொண்டால் பத்து நிமிடத்துக்குள் அடங்கும்.

எழுதுவதற்கு முன் அவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். என் மகன் பக்கத்தில் 'நல்ல மார்க்' என்று எழுதி வைத்திருந்தேன். "உனக்காக என்ன ஜெபிக்கட்டும்?" என்று கேட்டதற்கு, "கெமிஸ்ட்ரி லேப்ல என்கூட சேர ஆளே இல்லம்மா" என்றான். பத்தாண்டுக்கும் மேலாக ஒரே வீட்டில் இருக்கிறோம், அவன் தனியாக நிற்பது எனக்குத் தெரியவில்லை. மார்க்கை அடித்துவிட்டு அதை எழுதினேன்.

மாமியார் பக்கம்தான் சிக்கல். முதல் மாதம் அதில் இருந்ததெல்லாம் புகார். மனத்தாங்கல் உள்ளவர்களின் பக்கத்தில் முதல் வரியாக ஒரு நன்றியை எழுதுங்கள். எனக்கு ஒரு வாரம் கழித்துத்தான் கிடைத்தது: 'நான் கேட்காமலேயே தினமும் பூண்டு உரித்து வைக்கிறார்.' எழுதிய பிறகு மேலே புகார் சொல்லக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

4. ஜெபத்தில் பிரசங்கம் வேண்டாம்

குடும்ப ஜெபத்தில் எல்லாரும் கேட்க, "ஆண்டவரே, ராத்திரியெல்லாம் போனை நோண்டுகிற பிள்ளையின் கண்களைத் திறந்தருளும்" என்று நானும் செய்தவள்தான். ஆமென் சொன்ன கையோடு மூத்தவன், "இது ஆண்டவருக்கா, எனக்காம்மா?" என்றான். அந்த மாதிரி விண்ணப்பங்களைச் சாமான் அறைக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளையிடம் சொல்ல வேண்டியதைப் பிள்ளையிடமே நேராகச் சொல்லிவிடுங்கள்.

5. ஒன்றுமே வராத நாள், விட்டுப்போன நாள்

வார்த்தை வராவிட்டால் "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே" ஜெபத்தை வரிவரியாக, நிறுத்தி நிறுத்திச் சொல்லுங்கள். நான்கு நாள் விட்டுப்போனால், டிசம்பர் 31 இராத்திரி ஆராதனை வரட்டும், புது வருஷத்திலிருந்து ஒழுங்காகச் செய்யலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். ஐந்தாம் நாள் போய் உட்காருங்கள், விட்ட சங்கீதங்களைச் சேர்த்து வாசிக்கவும் வேண்டாம்.

கதவைப் பூட்டுவது எப்படி என்று கேட்பீர்கள். எங்கள் சாமான் அறைக்குத் தாழ்ப்பாள் கிடையாது. டிரம்மை நகர்த்தி முட்டுக் கொடுத்துக்கொள்கிறேன். உலை வைக்க அரிசி அளக்க வந்தால் மாமியார் வெளியிலிருந்து படியால் இரண்டு தட்டுத் தட்டுவார். இப்போதெல்லாம் தட்டிவிட்டு, "முடிச்சிட்டே வாம்மா" என்கிறார்.