பழைய லேப்டாப்பில் டூம்: நிறுவுவதிலிருந்து முதல் தளம் வரை

அக்கா மகன் பாளையங்கோட்டையிலிருந்து பரீட்சை லீவுக்கு வந்திருந்தான். வீட்டில் இருந்தது செகண்ட் ஹேண்ட் லேப்டாப் ஒன்றுதான். புதிய கேம் எதுவும் அதில் ஓடாது. அதனால் 1993 டிசம்பரில் ஐடி சாஃப்ட்வேர் வெளியிட்ட டூம் என்ற துப்பாக்கிச் சண்டை கேமைப் போட்டுக் கொடுத்தேன். செவ்வாயின் துணைக்கோள் போபோஸில் தனியாக மாட்டிக்கொண்ட வீரனின் கதை. ஓட வைக்க எனக்கு ஒரு சாயங்காலம் முழுக்கப் பிடித்தது. உங்களுக்குப் பத்து நிமிடம் போதும்.

இரண்டு பொருள் வேண்டும்: கேமை இயக்கும் நிரல், பிறகு தளங்களும் (அதாவது லெவல்கள்) படங்களும் அடங்கிய வாட் கோப்பு. நிரலுக்கு என் தேர்வு சாக்லெட் டூம். ஜிஇசட்டூம் என்ற இன்னொரு நிரலில் வசதிகள் அதிகம்தான். ஆனால் அதற்குக் கொஞ்சம் புதிய கிராஃபிக்ஸ் வேண்டும், மேலும் கேமின் பழைய குணத்தையும் அது மாற்றிவிடும். முதன்முதலாக ஆடுகிறவர் டூம் எப்படி இருந்ததோ அப்படியே பார்ப்பதுதான் நல்லது: 320க்கு 200 புள்ளிகள், நொடிக்கு 35 சட்டகங்கள்.

முதல் பாகத்தின் ஒன்பது தளங்களும் ஷேர்வேராக, அதாவது ஆடிப் பார்க்கத் தரும் மாதிரியாக, இலவசம். அதன் கோப்பு டூம்1.வாட், ஏறக்குறைய 4 எம்பி. அது ஜிப்பாகச் சுருக்கி வந்தால் பிரித்து, அந்தக் கோப்பை சாக்லெட் டூம் இருக்கும் அதே ஃபோல்டரில் வையுங்கள். வாட் கிடைக்கவில்லை என்று பிழை வந்தால், அநேகமாக ஜிப்பைப் பிரிக்காமல் வைத்திருப்பீர்கள்.

இனி என்னை மாட்டவைத்த இடம். கேம் திறந்தது, பாட்டு வந்தது. பையன் மவுஸை லேசாக முன்னால் நகர்த்தியதும் வீரன் ஓடிப்போய்ச் சுவரில் முட்டினான். "மாமா, நான் ஒண்ணும் அமுக்கலையே, இவன் ஏன் நடக்கான்?" என்றான். மவுஸ் கெட்டுவிட்டது என்று நினைத்து வேறொன்று மாற்றினேன். அப்போதும் அதேதான். விஷயம் இதுதான்: டூமில் மேலே, கீழே பார்க்கவே முடியாது. மவுஸை முன்னால் தள்ளினால் நடை என்றே அன்றைக்கு அமைத்திருந்தார்கள். சாக்லெட் டூமோடு வரும் செட்டப் நிரலைத் திறந்து, மவுஸ் பகுதியில் செங்குத்து அசைவுக்கான டிக்கை எடுத்துவிடுங்கள். வெளியே வரும்போது சேமிக்கவா என்று கேட்கும், ஆம் கொடுங்கள். அம்புக்குறி விசைகள் சிரமமாக இருந்தால் அங்கேயே டபிள்யூ, ஏ, எஸ், டி என்று மாற்றிக்கொள்ளலாம். ஷிஃப்டை அழுத்தியபடியே ஓடப் பழகுங்கள். டூமின் உயிரே வேகம்தான்.

எதிரி மேடைமேல் நின்றாலும் கவலை இல்லை. நேராகச் சுட்டால் குண்டு தானாக உயரத்தைப் பிடித்துக்கொள்ளும்.

முதல் தளம் தொடங்கியதும் உடனே ஓடாமல் ஜன்னலைப் பாருங்கள். வெளியே குளத்தின் நடுவே ஒரு நீலக் கவசம் தெரியும். போக வழி தெரியாது. அந்த ரகசிய வழியைத் தேடவைப்பதிலேயே ஆட்டம் பாதி பாடத்தை நடத்திவிடுகிறது. முதல் பாகத்தில் பெரும்பாலான தளங்களை அமைத்தவர் ஜான் ரொமேரோ. நெல்லையப்பர் கோயில் ரத வீதிகளைச் சுற்றிவிட்டு, புறப்பட்ட இடத்துக்கே வேறு பக்கமாக வந்து சேருகிறோமே, அந்தச் சுகம் இவற்றில் உண்டு. பகைவர்களை ஒருவரோடு ஒருவர் மோதவிடவும் முடியும். இம்ப் என்ற அரக்கன் எறியும் நெருப்புருண்டை துப்பாக்கிக்காரன்மேல் பட்டால், அவன் உங்களை விட்டுவிட்டு இம்ப்பைச் சுடத் தொடங்குவான்.

குறைகளும் இருக்கின்றன, மறைக்க மாட்டேன். மேடையிலிருந்து இறங்கும்போது கீழே எதிரி நின்றால், அந்தரத்தில் சுவர் இருப்பது போல அப்படியே நின்றுவிடுவீர்கள். எதிரியின் உயரத்தை ஆட்டம் கணக்கில் எடுப்பதில்லை. செத்தால் சேர்த்த துப்பாக்கி எல்லாம் போய், ஒரு கைத்துப்பாக்கியும் 50 தோட்டாவுமாகத் தளத்தை முதலிலிருந்து தொடங்க வேண்டும். எஃப்2 அழுத்திச் சேமித்துக்கொண்டே போங்கள். அப்புறம் பூட்டிய கதவுகளைத் திறக்கும் நிறச் சாவிகளைத் தேடும் அலைச்சல். சில தளங்களில் அது உண்மையாகவே சலிப்பூட்டுகிறது. டேப் விசையில் வரைபடம் வரும், அதுதான் துணை.

பின்சேர்க்கை: இதைப் படித்துச் செய்துபார்த்த பேட்டை அண்ணாச்சி ஒருவர், பகலில் திரை ஒரே இருட்டாக இருக்கிறது என்று எழுதியிருந்தார். எஃப்11 அழுத்தினால் ஒவ்வொரு படியாக வெளிச்சம் கூடும். லேப்டாப்பில் அது வேலை செய்யாவிட்டால் எஃப்என் விசையையும் சேர்த்து அழுத்துங்கள். அவருக்கு மூன்றாவது அழுத்தில் சரியாகிவிட்டது.