பிரிண்டரை நகர்த்தியதும் நின்ற கோடுகள்

நான் பொறுப்பேற்றபோது விளம்பரப் பலகை செய்யும் எங்கள் கடையில், ஆவியாகும் கரைப்பான் கலந்த மையால் அச்சடிக்கும் 64 அங்குல சால்வென்ட் பிரிண்டர் சுவரை ஒட்டி நின்றது. ரோல் மாட்டுவது பின்பக்கம். ஒவ்வொரு முறையும் இரண்டு பேர் பக்கவாட்டில் நுழைந்து திணற வேண்டும். அதைவிடப் பெரிய தொல்லை, அச்சில் அடிக்கடி விழுந்த வெள்ளைக் கோடுகள். மை தெளிக்கும் ஹெட்டைத் துடைக்கும் வைப்பரைக் கழற்றிப் பார்த்தேன். மையோடு அக்ரிலிக் தூள் குழைந்து அப்பியிருந்தது. அக்ரிலிக் தகடுகளை வெட்டும் ரௌட்டர் மேசை அதே அறையில்தான் இருந்தது. போதாததற்கு ஏசி காற்று நேராக மெஷின் மீது அடித்து ஹெட்டின் நுண்துளைகளான நாசிலில் மையைக் காயவைத்துக்கொண்டிருந்தது.

முதலில் ரௌட்டரைத் தனி அறைக்கு மாற்றினோம். இருப்பதிலேயே இதுதான் முக்கியம் என்பேன். ஏசி காற்றைத் திருப்பிவிட்டோம். பிரிண்டரை முன்னே இழுத்து, ரோலோடு ஆள் நின்று திரும்பும் அளவுக்குப் பின்னால் இடம் விட்டோம். ஸ்டிக்கர் வினைலை வடிவமாக வெட்டும் கட்டிங் பிளாட்டருக்கும் முன்னும் பின்னும் காலியிடம் வேண்டும், வினைல் இரண்டு பக்கமும் ஓடுமே.

அப்புறம், பிரிண்டருக்கும், அச்சின் மேல் பாதுகாப்புப் படலம் ஒட்டும் லேமினேட்டருக்கும் நடுவே உலர்த்தும் ஸ்டாண்ட். சால்வென்ட் அச்சைக் குறைந்தது 24 மணி நேரமாவது ஆறவிடாமல் லேமினேட் செய்தால் பசை இளகி ஓரம் தூக்கும். இறுக்கிச் சுருட்டினால் ஆவி வெளியேறாது. அதனால் தளர்வாகச் சுற்றி நிறுத்துகிறோம், பக்கத்திலேயே எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடுகிறது. வெள்ளைக் கோடு விழுவது இப்போது அபூர்வம்.