தொடை வழியா இதய ஓட்டைய அடைக்கப் போறீங்களா? மொதல்ல டி.இ.இ ரிப்போர்ட்ட கையில எடுங்க

எங்க அக்காவுக்கு 43 வயசுலதான் இதயத்துல ஓட்டை இருக்கறதே தெரிஞ்சுது. மாடி ஏறுனா மூச்சு வாங்குது, ராத்திரி படபடன்னு வருதுன்னு ரெண்டு வருஷமா சொல்லிட்டே இருந்துச்சு, நாங்க ரத்தம் கம்மி, வெயிட் ஜாஸ்தி, வயசாகுதுன்னு ஆளாளுக்கு ஒன்னு சொல்லிட்டு இருந்தோம், கடைசில ஒரு எக்கோ, அதாவது இதய ஸ்கேன் எடுத்தா ஏ.எஸ்.டி 22 மில்லிமீட்டர்னு வருது. இதயத்தோட ரெண்டு மேல் அறைக்கும் நடுவுல இருக்கற சுவர்ல ஓட்டை இருந்தா அதான் ஏ.எஸ்.டி. பொறந்ததுல இருந்து இருந்த ஓட்டை ஏன் இப்போ தொல்லை பண்ணுதுன்னா, இடது மேல் அறையில இருந்து ரத்தம் வலது பக்கம் கசிஞ்சுக்கிட்டே இருக்கும், வயசாக ஆக, பிபி வர வர, இடது பக்க இதயம் விறைச்சுப் போகும், கசிவு கூடும், வலது பக்கம் வருஷக்கணக்கா அந்த கூடுதல் ரத்தத்தயும் சேர்த்து தள்ளித் தள்ளி வீங்கிடும். அதனால 30, 40 வயசுக்கு மேல புதுசா மூச்சு வாங்கினா ஒரு எக்கோ எடுத்துருங்க, தள்ளிப் போடாதீங்க.

ஓட்டைன்னு கேட்டதும் எல்லாரும் எந்த ஆஸ்பத்திரி, எவ்ளோ செலவுன்னுதான் ஓடறாங்க. ஆனா தொடை வழியா டிவைஸ், அதாவது ஓட்டைய மூடற ஒரு குட்டி கருவிய வச்சு அடைக்க முடியுமா, நெஞ்ச திறந்துதான் பண்ணணுமான்னு முடிவாகறது பெரும்பாலும் தொண்டை வழியா எடுக்கற எக்கோல, அதான் டி.இ.இ. உங்க கவனத்த அங்க வைங்க. ஓட்டை சுவர்ல எந்த இடத்துல இருக்குங்கறத வச்சு வகை பிரிப்பாங்க. ரிப்போர்ட்ல 'செகண்டம்'னு, அதாவது சுவரோட நடுப் பகுதில ஓட்டைன்னு இருக்கான்னு பாருங்க, டிவைஸ் அந்த வகைக்குதான். ப்ரைமம்னு இருந்தா சர்ஜரி, சைனஸ் வெனோசஸ்னு இருந்தாலும் வழக்கமா சர்ஜரிதான். அடுத்தது ரிம், அதாவது ஓட்டைய சுத்தி இருக்கற சதை விளிம்பு, டிவைஸ் அதைத்தான் புடிச்சுக்கிட்டு நிக்கணும். பொதுவா 5 மில்லிமீட்டராவது எதிர்பார்ப்பாங்க. அயோர்ட்டா, அதாவது இதயத்துல இருந்து கெளம்பற பெரிய ரத்தக்குழாய் பக்கம் மட்டும் கம்மியா இருந்தா நெறைய பேருக்கு பண்றாங்க, கீழ் பக்கம் ஐ.வி.சி, அதாவது உடம்போட கீழ்ப் பகுதி ரத்தத்த இதயத்துக்கு கொண்டு வர்ற பெரிய சிரை பக்கம் ரிம் இல்லைன்னா கஷ்டம். ஓட்டை சுமார் 38 மில்லிமீட்டருக்கு மேல போனாலும் டிவைஸ் சரிப்படாது. இன்னொன்னு கட்டாயம் கேளுங்க, நுரையீரல்ல இருந்து வர்ற நாலு ரத்தக்குழாயும் இடது பக்கம்தான் சேருதான்னு. ஒன்னு தப்பான பக்கம் சேர்ந்தா ஓட்டைய மட்டும் அடைச்சு பிரயோஜனம் இல்ல.

டி.இ.இ டெஸ்ட்டுக்கு 6 மணி நேரம் ஒன்னும் சாப்பிடக் கூடாது, பல் செட் இருந்தா கழட்டிடணும். தொண்டைல ஸ்ப்ரே அடிப்பாங்க, கசப்பா இருக்கும், மரத்துப் போய் எச்சில் முழுங்க முடியாத மாதிரி ஒரு பயம் வரும். எச்சில முழுங்க ட்ரை பண்ணாதீங்க, ட்யூப் விடும்போது டாக்டர் முழுங்கச் சொன்னா மட்டும் முழுங்குங்க, இடது பக்கம் ஒருக்களிச்சு படுத்து எச்சில வெளிய வழிய விட்டு மூக்கால மெதுவா மூச்சு விடுங்க. அக்கா அப்படித்தான் தாக்குப் புடிச்சுச்சு. முடிஞ்சதும் மரமரப்பு போற வரைக்கும் தண்ணி கூட குடிக்கக் கூடாது, புரை ஏறிடும்.

நுரையீரல் ப்ரெஷர் ரொம்ப ஏறி, ரத்தம் தலைகீழா வலதுல இருந்து இடது பக்கம் போக ஆரம்பிச்சிருந்தா அத ஐசன்மெங்கர்னு சொல்வாங்க. அப்போ அடைக்கவே கூடாது. அந்த நெலமைல ஓட்டைதான் ப்ரெஷர் வெளியேற வழி. சந்தேகம் இருந்தா மொதல்ல கேத், அதாவது ரத்தக்குழாய் வழியா இதயத்துக்குள்ள ட்யூப் விட்டு ப்ரெஷர் அளப்பாங்க, அவசரப்படுத்தாதீங்க.

அட்மிட் ஆகறதுக்கு முன்னாடி பல் டாக்டர பாத்து சொத்தை எதுவும் இருந்தா சரி பண்ணிருங்க. கவரிங் தோடு போட்டா காது புண்ணாகுமான்னும் யோசிச்சுப் பாருங்க, ஆகும்னா நிக்கல் அலர்ஜியா இருக்கலாம், டாக்டர்கிட்ட சொல்லியே ஆகணும், டிவைஸ் நிக்கலும் டைட்டானியமும் கலந்த நிட்டினால் கம்பில பின்னினது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தா சேர்றதுக்கு முன்னாடியே ஆஸ்பத்திரில இருக்கற அந்த கவுண்டர்ல கேட்டு அனுமதி வாங்கிருங்க.

எங்களுக்கு டாக்டர் ஒரு சாம்பிள் டிவைஸ கையில குடுத்தார். ரெண்டு சின்ன வட்டத் தட்டு, நடுவுல குட்டியா ஒரு இடுப்பு, வெள்ளிக் கம்பி வலைக்குள்ள வெள்ளைத் துணி. ரெண்டு முனையும் புடிச்சு இழுத்தா நீளமா ஒல்லியாகுது, விட்டா படக்குன்னு பழைய வடிவத்துக்கு வந்துருது. தொடை இடுக்குல இருக்கற சிரை வழியா ட்யூப் அனுப்பி, இடது பக்கம் ஒரு தட்ட விரிச்சு, சுவரோட ஒட்டி இழுத்து, வலது பக்கம் இன்னொன்ன விரிப்பாங்க, அப்புறம் தள்ளி இழுத்து ஆட்டிப் பாப்பாங்க, ஆடாம நின்னாதான் கேபிள திருகி கழட்டறது. கழட்டற வரைக்கும் டிவைஸ திரும்ப ட்யூபுக்குள்ள இழுத்துக்கலாம், சைஸ் சரியில்லன்னா வேற போடலாம், எனக்கு பெரிய தைரியம் குடுத்தது இந்த விஷயம்தான். 1975லயே அமெரிக்காவுல கிங், மில்ஸ்னு ரெண்டு டாக்டருங்க இந்த வழில ஒரு ஓட்டைய அடைச்சுட்டாங்க, இப்போ பரவலா இருக்கற ஆம்ப்ளாட்சர் டிவைஸுக்கு அங்க அனுமதி கெடச்சது 2001ல.

வெளிய வந்ததும் சில மணி நேரம் காலை மடக்காம நீட்டியே படுக்கணும், இருமல் வந்தா தொடை இடுக்க கையால அழுத்திக்கிட்டு இருமணும். ரத்தம் உறையாம இருக்கக் குடுக்கற ஆஸ்பிரினும் க்ளோபிடோக்ரெலும் டாக்டர் சொன்ன கணக்குப்படி, வழக்கமா 6 மாசம், ஒரு நாள் கூட விடக் கூடாது. அந்த 6 மாசத்துல பல் புடுங்கறது, ரூட் கேனால் எது பண்ணாலும் முன்னாடியே ஆன்டிபயாடிக் வேணும், கர்ப்பத்தயும் தள்ளிப் போடச் சொல்வாங்க. மொத சில வாரம் படபடப்பு வரலாம், சிலருக்கு தலைவலி கூட வரும், போன் பண்ணி சொல்லிருங்க. ஆனா திடீர்னு நெஞ்சு வலி, மயக்கம், மூச்சு திணறல் வந்தா போன்ல பேசிட்டு இருக்காம நேரா எமர்ஜென்சிக்கு போங்க. டிவைஸ் நகர்றதோ இதயச் சுவர உரசி கிழிக்கறதோ ரொம்ப அபூர்வம்தான், வந்தா நேரம் இருக்காது.

மறுநாள், ஒரு மாசம், 6 மாசம், ஒரு வருஷம்னு எக்கோ வரும், எல்லாத்துக்கும் போங்க, உடம்பு நல்லா இருக்குன்னு விட்றாதீங்க. அக்காவோட 6 மாச எக்கோல வலது பக்க வீக்கம் நல்லா கொறஞ்சிருந்துச்சு, இப்போ மூணாவது மாடிக்கு நிக்காம ஏறுது. என்ன டிவைஸ் வச்சிருக்குன்னு ஆஸ்பத்திரில குடுக்கற டிவைஸ் கார்ட போட்டோ எடுத்து வீட்ல எல்லார் போன்லயும் வச்சிருக்கோம், எப்பயாச்சும் எம்.ஆர்.ஐ எடுக்கச் சொன்னா மொதல்ல அதத்தான் கேப்பாங்க.