வீட்டிலேயே கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்கிறீர்களா? முதலில் கரண்ட் பக்கம் பாருங்கள்

ரிச்சி ஸ்ட்ரீட்டில் கடை கடையாக ஏறி இறங்கியோ, ஆன்லைனில் ஒவ்வொன்றாக ஆர்டர் போட்டோ பாகங்களை வாங்கி, வீட்டில் நாமே பூட்டுவது கஷ்டமான வேலை இல்லை. ஒரு ஸ்டார் ஸ்க்ரூடிரைவரும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் போதும். மற்ற தவறுகளைப் பெரும்பாலும் கழற்றித் திரும்ப மாட்டிச் சரிசெய்துவிடலாம். கரண்ட் விஷயத்தில் செய்யும் தவறு பொருளையே எரித்துவிடும். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

பிராசஸருக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும் பட்ஜெட்டைக் கொட்டிவிட்டு, மிஞ்சிய பணத்தில் எஸ்எம்பிஎஸ் (வீட்டுக் கரண்ட்டைக் கம்ப்யூட்டருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பெட்டி) வாங்குவதுதான் நம்மில் பலர் செய்வது. மலிவான எஸ்எம்பிஎஸ் மேல் 450 வாட் என்று பெரிதாக எழுதியிருக்கும். அதை நம்பாமல், லேபிளில் 12 வோல்ட்டுக்கு நேரே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 20 ஆம்பியர் என்றால் 240 வாட்தான். பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் பெரும்பாலும் இழுப்பது அந்த 12 வோல்ட்டைத்தான்.

அடுத்தது, நானே செய்த தவறு. பழைய மாடுலர் (கேபிள்களைத் தனியாகக் கழற்றி மாட்டக்கூடிய) எஸ்எம்பிஎஸ்ஸைக் கழற்றிப் புதிதை வைத்தபோது, கேபினெட்டுக்குள் அழகாக இழுத்துக் கட்டியிருந்த சாட்டா பவர் கேபிளை (ஹார்ட் டிஸ்க்குக்குக் கரண்ட் தருவது) எடுக்க மனமில்லாமல், அதையே புதியதில் செருகினேன். கச்சிதமாகப் பொருந்தியது. ஸ்விட்சைப் போட்டதும் கருகிய வாசனை. ஹார்ட் டிஸ்க் போயிற்று, அதிலிருந்த வீட்டுப் போட்டோக்களும் போயின. கேபிளின் ஹார்ட் டிஸ்க் பக்க முனை எல்லாவற்றிலும் ஒரே மாதிரிதான். எஸ்எம்பிஎஸ் பக்க முனைக்குப் பொது அளவுகோல் கிடையாது. 5 வோல்ட் வர வேண்டிய கம்பியில் 12 வோல்ட் வந்துவிடலாம். ஒரே பிராண்டுக்குள்ளேயே மாடலுக்கு மாடல் மாறும். எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றினால் கேபிள் மொத்தத்தையும் மாற்றுங்கள். தயவுசெய்து.

கேபினெட்டைத் தொட்டால் சுர்ரென்று இருக்கிறது என்பார்கள். கம்ப்யூட்டரைக் குறை சொல்லும் முன் வீட்டு எர்த்தைச் சோதியுங்கள். எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இருக்கும் வடிகட்டிக் கப்பாசிட்டர்கள் வழியாகக் கொஞ்சம் மின்சாரம் உலோக உடலுக்குக் கசியும். அது எர்த் கம்பி வழியே வெளியேற வேண்டும். எர்த் இல்லாவிட்டால் கேபினெட் 230 வோல்ட்டில் ஏறக்குறையப் பாதியில் நிற்கும். பழைய வீடுகளில் மூன்று ஓட்டை சாக்கெட் இருக்கும், பின்னால் எர்த் கம்பி இருக்காது. ஒரு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் பாகங்களைப் பிரிக்கலாம். யுபிஎஸ் வாங்கும்போது விஏ வேறு, வாட் வேறு என்பது நினைவிருக்கட்டும்: 600 விஏ யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும்.

பொருத்தம் பார்ப்பது சுலபம், ஆனாலும் தவறுகிறார்கள். ஏஎம்5 (ஏஎம்டி பிராசஸருக்கான சாக்கெட்) மதர்போர்டில் டிடிஆர்5 ரேம் மட்டுமே போகும். எல்ஜிஏ 1700 (இன்டெல் பிராசஸருக்கான சாக்கெட்) போர்டுகளில் டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டு வகையும் உண்டு, பெயரைக் கவனமாகப் படியுங்கள். இரண்டு ரேமுக்கும் 288 பின்தான், ஆனால் நடு வெட்டு இடம் மாறியிருக்கும். அழுத்தினால் ஸ்லாட் உடையும்.

பூட்டும்போது மதர்போர்டுக்கு அடியில் பித்தளை ஸ்டாண்டாஃப் (போர்டைக் கேபினெட்டில் படாமல் தூக்கி நிறுத்தும் சிறு தூண்) இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். போர்டில் ஓட்டை இல்லாத இடத்தில் ஒன்று நின்றால் ஷார்ட் ஆகலாம். கூலரின் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரிக்க மறந்தால் பிராசஸர் கொதிக்கும். பிராசஸருக்கான 8 பின் கேபிள் 4+4 ஆகப் பிரியும், கிராபிக்ஸ் கார்டுக்கானது 6+2 ஆகப் பிரியும். ஒன்றின் இடத்தில் இன்னொன்றைத் திணிக்காதீர்கள். நான்கு ஸ்லாட் போர்டில் இரண்டு ரேம் என்றால், பெரும்பாலான போர்டுகளில் பிராசஸரிலிருந்து எண்ணி 2, 4ஆம் ஸ்லாட்டில்தான் போட வேண்டும்.

எல்லாம் முடிந்து பவர் பட்டனை அழுத்தினால், ஃபேன் சுற்றும், டிஸ்ப்ளே வராது. வயிற்றைக் கலக்கும் நேரம் இது. மானிட்டர் கேபிளை மதர்போர்டில் செருகியிருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். கிராபிக்ஸ் கார்டில் இருக்க வேண்டும். ஏஎம்5 என்றால், முதல் தடவை ரேமைப் பழக்கிக்கொள்ள அதற்கே சில நிமிடங்கள் ஆகும். அதற்குள் பயந்து ஸ்விட்சை அணைத்தால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். போய் ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். டிஸ்ப்ளே வந்ததும் பயாஸுக்குள் (மதர்போர்டின் செட்டிங்ஸ் திரை) போய் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போவை (ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் செட்டிங்) ஆன் செய்யுங்கள். இல்லையென்றால் 6000 என்று சொல்லி வாங்கிய ரேம் 4800 வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும்.