லினக்ஸில் வைஃபை தெரியவில்லையா? டிரைவர் தேடப் போகுமுன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன சனிக்கிழமை களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு தம்பி லாப்டொப்பைத் தூக்கிக்கொண்டு கல்லடிக்கு வந்தான். லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டு போட்டிருக்கிறான், வைஃபை வரவில்லை. "மறுகா என்ன செஞ்ச?" என்று கேட்டேன். கொப்பியைத் திறந்து காட்டினான். இரண்டு பக்கம் நிறைய, டிரைவர் (சிப்பை இயக்கும் நிரல்) ஏற்றும் கட்டளைகள். ஒன்று ரியல்டெக் சிப்புக்கானது, அடுத்தது புரோட்கொமுக்கானது. எல்லாவற்றையும் அடித்துப் பார்த்திருக்கிறான். "உன்ட மெசின்ல என்ன சிப் இருக்கு?" என்றேன். "தெரியாண்ணா."

நானும் ஒரு காலத்தில் இப்படித்தான் கொப்பியோடு அலைந்தேன். இந்த வருடத்தில் இதே பிழையோடு வந்த நாலாவது பிள்ளை இவன் என்பதால்தான் எழுத உட்கார்ந்தேன். வயர் கழன்றிருக்கிறதா, வைஃபை பொத்தான் அமர்ந்திருக்கிறதா என்பதையெல்லாம் நீங்களே பார்த்திருப்பீர்கள். அதை விட்டுவிடுகிறேன்.

பெட்டியில் உள்ள பெயரை நம்பி டிரைவர் தேடுவது

2018இல் படுவான்கரைப் பக்கம் ஒரு பாடசாலையின் கணினி கூடத்துக்கு உபுண்டு 16.04 போட்டுக் கொடுத்தேன். 12 மெசின். வயர் இழுக்கக் காசில்லை, ஆகவே யூஎஸ்பி வைஃபை அடாப்டர். ஒன்றை வாங்கிக் குத்திப் பார்த்தேன், உடனே வேலை செய்தது. அதே கடையில் அதே மொடலில் இன்னும் 11 வாங்கினேன். ஒன்றுகூட எடுபடவில்லை. பெட்டி ஒன்று, படம் ஒன்று, விலை ஒன்று. அடாப்டரின் முதுகில் மட்டும் கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் "வி2" என்று இருந்தது. உள்ளே வேறு சிப்.

இது எங்கோ ஒரு நாள் நடக்கும் விசயமில்லை. டிபி-லிங்க் டபிள்யூஎன்722என் என்ற அடாப்டரின் முதல் பதிப்பில் அதெரோஸ் ஏஆர்9271 சிப் இருந்தது. லினக்ஸில் குத்தினாலே ஓடும். இரண்டாம் பதிப்பில் ரியல்டெக் சிப்பை வைத்தார்கள். பெயர் மாறவில்லை. நான் வாங்கியது வேறு கம்பனியுடையது, கதை ஒன்றுதான்.

அப்போதாவது நிதானித்திருக்க வேண்டும். நான் செய்தது என்ன? அந்த மொடல் பெயரைப் போட்டுத் தேடி, யாரோ எழுதி வைத்திருந்த மூலநிரலை இறக்கி, 11 மெசினிலும் ஒவ்வொன்றாகக் கம்பைல் பண்ணினேன், அதாவது ஓடக்கூடிய டிரைவராக மாற்றினேன். இரண்டு நாள் போனது, என் போன் டேட்டாவும் முடிந்தது. வைஃபை வந்தது. சந்தோசமாக வீட்டுக்கு வந்தேன். இரண்டு கிழமை கழித்து ஒரு திங்கள் காலை பாடசாலை சேர் போன் பண்ணினார்: பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள், 11 மெசினில் வைஃபை இல்லை.

வார இறுதியில் கேர்னல் (லினக்ஸின் மையப்பகுதி) தானாகப் புதுப்பிக்கப்பட்டிருந்தது. கையால் கம்பைல் பண்ணிய டிரைவர், அந்தக் குறிப்பிட்ட கேர்னல் பதிப்பின் கோப்புறைக்குள்தான் போய் உட்காரும். புதிய கேர்னலுக்குப் புதிய கோப்புறை. அதற்குள் அந்த டிரைவர் இல்லை. டிகேஎம்எஸ் என்ற கருவி வழியாக ஏற்றியிருந்தால், கேர்னல் மாறும்போதெல்லாம் அது தானே திரும்பக் கம்பைல் பண்ணிக்கொள்ளும். அந்த ஒரு படியை விட்டதற்கு விலை என்ன தெரியுமா? அடுத்த கிழமையே 12 மெசினிலும் கள்ள விண்டோஸ் ஏறியது. சேரைக் குறை சொல்ல மாட்டேன், அவருக்கு வகுப்பு நடக்க வேண்டும். பாதி நாளில் தீர்ந்திருக்க வேண்டிய விசயத்தால் ஒரு பாடசாலையே லினக்ஸை விட்டுப் போனது. இன்றைக்கும் நினைத்தால் எரிச்சல் வருகிறது.

ஆகவே பெயரைத் தேடாதீர்கள், இலக்கத்தைக் கேளுங்கள். யூஎஸ்பி என்றால் டெர்மினலில் (கட்டளை அடிக்கும் திரை) எல்எஸ்யூஎஸ்பி. உள்ளே பொருத்திய கார்ட் என்றால் எல்எஸ்பிசிஐ. எல்எஸ்பிசிஐயோடு மட்டும் ஒரு சிறுகோடு போட்டு என், என், கே என்ற மூன்று எழுத்தையும் சேருங்கள். நடுவில் முக்காற்புள்ளியோடு நாலும் நாலுமாக எட்டு எழுத்து வரும். அந்தத் தம்பியின் மெசினில் வந்தது 8086:2723. முன்பாதி கம்பனி, 8086 என்றால் இன்டெல். பின்பாதி சிப், 2723 என்றால் ஏஎக்ஸ்200. ரியல்டெக்கும் இல்லை, புரோட்கொமும் இல்லை!

அதற்குக் கீழே "கேர்னல் டிரைவர் இன் யூஸ்" என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். இவனுக்கு இல்லை. ஏனென்றால் யாரோ கொடுத்த பழைய பென்ட்ரைவிலிருந்து உபுண்டு 18.04 போட்டிருக்கிறான். அதன் முதல் வெளியீட்டின் கேர்னல் 4.15, ஏஎக்ஸ்200க்கு 5.1 ஆவது வேண்டும். கம்பைல் பண்ண எதுவுமே இல்லை. 22.04 பென்ட்ரைவைக் குத்தி, இன்ஸ்டோல் பண்ணாமலே லைவாக ஏற்றினேன். பிளேன்டீ ஆறுமுன் வைஃபை பட்டியல் வந்துவிட்டது.

டிரைவர் இருக்கும்போது டிரைவர் தேடுவது

அந்த வரி இருந்தும் வைஃபை இல்லையென்றால் பெரும்பாலும் ஃபர்ம்வெயர் இல்லை. சிப்புக்குள் ஏற்றப்பட வேண்டிய சின்னக் கோப்பு அது, டிரைவர் வேறு அது வேறு. டிமெசெக் (டி, எம், இ, எஸ், ஜி) கட்டளையின் வெளியீட்டில் "ஃபர்ம்வெயர்" என்ற சொல்லைத் தேடுங்கள். "எரர் -2" என்று முடிந்தால் கோப்பைக் காணவில்லை என்று பொருள். ஃபர்ம்வெயர் பொதியை ஏற்றினால் போதும். டெபியன் என்ற இன்னொரு லினக்ஸில் 12ஆம் பதிப்பு (2023) முதல் கட்டற்றதல்லாத (கம்பனிகள் மூலநிரல் தராத) ஃபர்ம்வெயரும் அதிகாரபூர்வ இன்ஸ்டோலரிலேயே வருகிறது. அதற்கு முந்திய சீடியை வைத்துக்கொண்டு மல்லுக்கட்ட வேண்டாம்.

வைஃபையே இல்லாமல் பொதியை எப்படி இறக்குவது என்று கேட்பீர்கள். அன்ட்ரொயிட் போனை யூஎஸ்பி வயரில் குத்தி, டெதரிங்கை ஓன் பண்ணுங்கள். லினக்ஸ் அதை வயர் இணைப்பாகவே எடுத்துக்கொள்ளும்.

செக்கியூர் பூட் நீலத் திரையை அவசரத்தில் கடப்பது

செக்கியூர் பூட் (கையொப்பமில்லாத டிரைவரை ஏற விடாத பாதுகாப்பு) ஓனில் இருந்தால், டிகேஎம்எஸ் டிரைவர் ஏற்றும்போது உபுண்டு ஒரு கடவுச்சொல் கேட்கும். மறுமுறை மெசின் எழும்பும்போது நீலத் திரை வரும். அங்கே "என்ரோல்" என்பதைத் தெரிவு செய்து அதே கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டும். "கன்டினியூ" அமத்தினால் டிரைவர் ஏறாது.

வைஃபை அடாப்டர் சீடியாகத் தெரிவது

பழுதில்லை. யூஎஸ்பி மோட்ஸ்விட்ச் பொதியைப் போடுங்கள்.

என்விடியா டிரைவரைக் கம்பனித் தளத்திலிருந்து இறக்குவது

வேண்டாம். உபுண்டுவின் "அடிஷனல் டிரைவர்ஸ்" போதும்.

இன்ஸ்டோலரில் டிஸ்க் தெரியாதபோது டிஸ்க்கை மாற்றுவது

பயோஸில் (மெசின் எழும்புமுன் திறக்கும் அமைப்புத் திரை) டிஸ்க் முறை ரெய்ட் அல்லது ஆர்எஸ்டி என்று இருப்பதை ஏஎச்சிஐ ஆக்குங்கள். அதே டிஸ்க்கில் விண்டோஸும் வேண்டுமென்றால், முதலில் விண்டோஸை சேஃப் மோடில் எழும்பும்படி வைத்துவிட்டே மாற்றுங்கள். இல்லாவிட்டால் அது எழும்பாது.

கேர்னல் புதுப்பித்த காலையில் ஃபோர்மட் அடிப்பது

பழைய கேர்னல் இன்னும் மெசினுக்குள்தான் இருக்கிறது. எழும்பும்போது கிரப் (எந்தக் கேர்னல் என்று தெரிவு செய்யும் திரை) மெனுவில் "அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ்" போய் முந்தைய பதிப்பைத் தெரிவு செய்யுங்கள். அந்தத் திங்கள் காலை இது எனக்குத் தெரிந்திருந்தால் சேருக்குப் போனிலேயே சொல்லியிருப்பேன், வகுப்பும் நடந்திருக்கும்.