கடலோரத்தில் ஜாக்ஹாமர்: நாம் வழக்கமாகச் செய்யும் தவறுகள்

பாம்பன், மண்டபம், தங்கச்சிமடம் பக்கம் கிணறு வெட்டவோ பழைய கான்கிரீட் உடைக்கவோ டிராக்டர் கம்ப்ரசரோடு (டிராக்டரில் பூட்டிய, காற்றை அழுத்தித் தரும் இயந்திரம்) போகிறவர்களுக்கு ஒன்று தெரியும். உள்நாட்டுக் கருங்கல்லைப் பார்க்க இங்குள்ள சுண்ணாம்புக் கல்லும் மணற்பாறையும் இளக்கமானவை. ஆனாலும் ஜாக்ஹாமர், அதாவது அந்தக் காற்றின் விசையில் பாறையைக் குத்தித் துளைக்கும் கருவி, இங்கேதான் சீக்கிரம் படுக்கிறது.

ஒருமுறை தங்கச்சிமடத்தில், வாடைக் காலத்தில், மழையால் இரண்டு நாள் வேலை நின்றது. மூன்றாம் நாள் காலையில் வால்வைத் திறந்தேன். காற்று போகும் ஓஸ் (குழாய்) விறைக்கிறது, ஹாமரிலோ அசைவே இல்லை. பிரித்துப் பார்த்தால் பிஸ்டன் மேல் காவி பூசியதுபோல் துரு. சிலிண்டரோடு ஒட்டிக் கிடந்தது. பாறை மேல் பழி போட முடியாது. வேலை நின்ற அன்று சாயங்காலம் அதை அப்படியே சாக்கில் சுற்றிப் போட்டவன் நான்தான். வேலை முடிந்ததும் காற்று வரும் வாய் வழியாகக் கொஞ்சம் ஆயில் ஊற்றி, சில விநாடி மெதுவாக ஓடவிட்டிருந்தால் உள்ளே எல்லா இடத்திலும் படிந்திருக்கும். இரண்டு நிமிட வேலை.

அடுத்த தவறு, கம்ப்ரசர் டேங்கில் தண்ணீரைத் தேங்க விடுவது. காற்றை அழுத்தும்போது அது சூடாகும். டேங்கிலும் ஓஸிலும் ஆறும்போது அதிலிருக்கும் ஈரம் தண்ணீராக இறங்கும். கடற்காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமா? அடி வால்வைக் கொஞ்சமாகத் திறந்து பாருங்கள், தேநீர் நிறத்தில் வரும். வெறும் காற்று மட்டும் வரும்வரை விட வேண்டும், காலையிலும் சாயங்காலமும். இல்லாவிட்டால் அந்தத் தண்ணீர் ஹாமருக்குள் போய் ஆயிலைக் கழுவிவிடும், அல்லது பால்போல் வெளுக்கவைக்கும்.

ஆயில் என்றதும் எஞ்சினில் இருந்து இறக்கிய கறுப்பு ஆயிலை ஊற்றுகிற ஆட்கள் உண்டு. அதில் இருக்கும் கசடு பிஸ்டனைத் தேய்க்கும். ஜாக்ஹாமருக்கென்று விற்கும் ஆயிலையே போடுங்கள். போய்ச் சேருகிறதா என்று பார்க்கச் சுலபமான வழி: ஹாமரில் மாட்டும் துளைக்கம்பியான ராடைக் கழற்றி அதன் தலையைத் தடவுங்கள். விரலில் ஆயில் ஈரம் ஒட்ட வேண்டும். காய்ந்திருந்தால் வேலையை நிறுத்துங்கள்.

அப்புறம் குழி அடிப்பது. பவளச் சுண்ணாம்பில் பொந்து அதிகம். எடுத்த எடுப்பில் முழுக் காற்றையும் திறந்து ஆள் பாரத்தையும் போட்டால், ராடு முனையிலுள்ள பிட்டு பொந்துக்குள் சரிந்து ராடு சாய்ந்து மாட்டிக்கொள்ளும். பாதிக் காற்றில் ஆரம்பித்து, குழி பிடித்த பிறகு கூட்டுங்கள். மாட்டிய ராடைச் சம்மட்டியால் அடிப்பதோ, ஹாமரோடு சேர்த்து முறுக்குவதோ வேண்டாம். காற்றைக் குறைத்து, சுற்றவிட்டபடியே மேலே இழுத்துப் பாருங்கள். ராடு கல்லைத் தொடாதபோது முழுக் காற்றில் அடிக்க விடுவதும் கெடுதல். அடி முழுவதும் ஹாமர் மேலேயே விழுந்து, பக்கவாட்டு போல்ட்டுகள் தளரும், உடையும்.

முன்பு வெடி வைத்த குழியின் அடிப்பகுதி உடையாமல் மிச்சம் இருந்தால் அதற்குள் ராடை விடவே கூடாது, வெடிக்காத மருந்து உள்ளே கிடக்கலாம். இதில் பேச்சுக்கே இடமில்லை.

ஓஸைக் கழற்றுமுன் கம்ப்ரசர் வால்வை மூடி, ஹாமரைத் திறந்து மிச்சக் காற்றை வெளியேற்றுங்கள். காற்று நிறைந்த ஓஸ் கழன்றால் சாட்டையாகச் சுழலும், எலும்பை உடைக்கும். உப்பில் அரித்த கிளாம்பைக் கம்பி கட்டி ஒப்பேற்றுவதும் இதே ஆபத்துதான். மாட்டும்போது ஓஸை ஆளில்லாத பக்கம் திருப்பி ஒருமுறை ஊதிவிட்டால் உள்ளே புகுந்த மணல் போய்விடும்.

கடைசியாகத் தூசி. மணற்பாறைத் தூசி நுரையீரலைக் கெடுக்கும், துண்டைக் கட்டினால் போதாது. ராடு வழியாகத் தண்ணீர் விடும் ஹாமர் இருந்தால் தண்ணீரோடு அடிப்பது நல்லது. ஆனால் பக்கத்தில்தானே கடல் என்று அந்தத் தண்ணீரை எடுக்காதீர்கள். உப்பு நேராக ஹாமருக்குள் போகும். நாங்கள் இப்போது ஒரு டிரம் நல்ல தண்ணீரை டிராக்டரிலேயே ஏற்றிக்கொண்டு போகிறோம்.