ஆர்கனுக்குத் தாவாதீர்கள்: 'க்ளோஸ் டு தி எட்ஜ்' கேட்கத் தொடங்குவோருக்கு

போன வாரம் அக்கா மகன் ஹெட்ஃபோனும் கையுமாக உட்கார்ந்திருந்தான். 'க்ளோஸ் டு தி எட்ஜ்' கேட்கிறானாம். யெஸ் என்ற பிரிட்டிஷ் ராக் குழு 1972இல் வெளியிட்ட ஆல்பம். மொத்தமே மூன்று பாட்டு. தலைப்புப் பாட்டு மட்டும் எல்பி இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுக்க, 18 நிமிடத்துக்கு மேல். எட்டிப் பார்த்தால், கட்டைவிரல் பாட்டைத் தள்ளிக்கொண்டிருக்கிறது.

"மாமா, அந்த ஆர்கன் எங்க வருது?"

சுருக்கென்றது. ஒரு காலத்தில் நான் பார்த்த அதே வேலை.

ஆர்கனுக்குத் தாவுவது

இந்த ஆல்பத்தைப் பற்றி யாரைக் கேட்டாலும் முதலில் ஆர்கனைத்தான் சொல்வார்கள். லண்டன் செயின்ட் கைல்ஸ் தேவாலயத்தின் பைப் ஆர்கன், குழாய்களில் காற்றை ஊதி ஒலிக்கும் பெரிய வாத்தியம். வாசித்தவர் குழுவின் கீபோர்டு கலைஞர் ரிக் வேக்மன். 12ஆவது நிமிடத்தை ஒட்டி வரும். நான் அந்த இடத்தை மட்டும் வெட்டியெடுத்து ரிங்டோனாக வைத்திருந்தவன். பஸ்ஸில் அடிக்கும், வங்கி வரிசையில் அடிக்கும், பெருமையாக இருக்கும். பிறகொரு நாள் முழுப் பாட்டையும் கேட்க உட்கார்ந்தேன். ஆர்கன் வந்ததும் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. இன்றைக்கும் போகிறது.

அந்த ஆர்கன் ஏன் அப்படி அடிக்கிறது என்றால், அதற்கு முன்னால் நடப்பதால்தான். ஸ்டீவ் ஹோவின் கிட்டார் ஒரு பக்கம் ஓட, க்ரிஸ் ஸ்கொயரின் பேஸ் கிட்டார் வேறு பக்கம் இழுக்க, பில் ப்ரூஃபர்டின் டிரம்ஸ் இரண்டுக்கும் பிடிகொடுக்காமல் போகும். எட்டரை நிமிடம் வாக்கில் டிரம்ஸ் நின்றுவிடும். துளித்துளியாகச் சொட்டும் ஓசை. ஜான் ஆண்டர்சன் ஒரு மெட்டில் பாட, மற்ற குரல்கள் வேறொரு மெட்டில் குறுக்கே வரும். மூன்று நிமிடத்துக்கு மேல் இப்படியே. காது அந்த அமைதியில் ஊறிய பிறகுதான் ஆர்கன் இறங்கும். நேரே அங்கே போகிறவருக்குக் கிடைப்பது சத்தமான ஒரு சர்ச் ஆர்கன், அவ்வளவுதான்.

நஷ்டம் அதோடு முடிவதில்லை. அந்த அமைதியில் மெதுவாகப் பாடிய "ஐ கெட் அப், ஐ கெட் டவுன்" கடைசியில் முழுக் குழுவோடு உச்சத்தில் திரும்ப வரும். முதலில் கேட்காதவருக்கு அது திரும்பி வந்ததே தெரியாது.

தொடக்கத்தில் வால்யூமைக் கூட்டுவது

குருவிச் சத்தமும் நீரோட்டமும் மெல்ல ஏறும். "ஒன்றும் கேட்கவில்லையே" என்று கூட்டுவீர்கள். ஒரு நிமிடத்துக்குள் மொத்தக் குழுவும் தலையில் விழும்.

வரிகளுக்கு அர்த்தம் தேடுவது

வேண்டாம். ஹெர்மன் ஹெஸ்ஸேயின் 'சித்தார்த்தா' நாவலும் அதில் வரும் ஆறும் தூண்டுதல் என்று தெரிந்தால் போதும்.

மருமகனிடமிருந்து போனை வாங்கி, முதலிலிருந்து போட்டு, மேசையில் கவிழ்த்து வைத்தேன். ஆறேழு நிமிடம் பொறுத்தான்.

"இன்னும் எவ்ளோ நேரம் மாமா?"

நான் வாயைத் திறக்கவில்லை.